நிழலைக் கூப்பிடும் நூல்

விழுப்புரம்
24.9.2025

சேசுவுக்குப் புகழ்.

அண்ணிக்கு, ஸ்டீபன்ராஜ் எழுதறது.

என் நம்பரை பிளாக் பண்ணிட்டீங்க. வேற நம்பர்ல அடிச்சா குரலைக் கேட்டதும் கட் பண்றீங்க. கிளியனூருக்கு நேர்ல வரலாம்னா உங்கப்பா என்னை மல்லாட்டைச் செடி மாதிரி வேரோட பிடுங்கிடுவாரு. அதான் போஸ்ட் ஆபீஸ் போய் கவர் வாங்கினேன். பள்ளிக்கூடம் விட்டப்புறம் நான் எழுதற மொத கடிதம். கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருந்தா திட்டிக்கினே படிங்க.

விஷயம் இதுதான். அண்ணன் போனதுல இருந்து அதோட கேம் பொட்டி மேல அம்மா ஒரு துணி போட்டு மூடி வச்சிருந்தாங்க. போன ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சி வந்து நான் அதை எடுத்து ஆன் பண்ணேன். ஏன்னு கேக்காதீங்க, எனக்கே தெரியல. உள்ள அந்தக் கிணத்து கேம்தான் இருந்துச்சு, அடுக்கு அடுக்கா கீழ இறங்கிக்கினே போவோமே, அது. அண்ணன் விட்ட இடத்துல அப்படியே நிக்குது.

அந்த கேம்ல செத்தா, நம்ம நிழல் செத்த இடத்துலயே நின்னுடும் இல்ல? நாம மேல விளக்கு மேடையில முழிச்சி, திரும்ப இறங்கிப் போய் அதைத் தொட்டு எடுத்துக்கணும். போற வழியில இன்னொரு தரம் செத்தா பழைய நிழல் அழிஞ்சிடும். அன்னிக்கு சாயந்திரம் கேம்ல அண்ணன் கீழ கடைசி அடுக்குல, உப்புத் தளத்துல செத்துச்சு. "இருடா, அப்புறமா வந்து எடுத்துக்கறேன். உங்கண்ணி கிளியனூர் பஸ் ஸ்டாப்ல நின்னுக்கினு இருப்பா, கூட்டிக்கினு வந்துடறேன்"னு ரிமோட்டை என் மடியில போட்டுட்டு பைக்கை எடுத்துச்சு. விக்கிரவாண்டி கூட தாண்டல, ரோட்லயே முடிஞ்சிடுச்சு.

அந்த நிழல் இன்னும் அங்கயேதான் நிக்குது அண்ணி. மேப்ல புள்ளி தெரியுது. அண்ணன்னு சொல்லிக்க மிச்சம் இருக்கறது அது ஒண்ணுதான். நான் ஒரே ஒரு தரம் தப்பா குதிச்சா அதுவும் போயிடும்.

எனக்கு விளையாடத் தெரியும். எதை மாட்டிக்கினு போகணும்னுதான் தெரியாது. பை நிறைய தாயத்து இருக்கு, மாட்டறதுக்கு மூணு இடம்தான். கேம்ல என்னவோ இங்கிலீஷ் பேரு, நீங்கதான் தவளைத் தோலு, வவ்வால் காதுன்னு பேரு வச்சீங்க. ஒரு நாள் கூட ரிமோட்டைத் தொட்டதில்ல, ஆனா பக்கத்துல உக்காந்துக்கினு இந்த ரூமுக்கு இதைப் போடு, அதைக் கழட்டுன்னு நீங்க சொல்றதைத்தான் அண்ணன் கேக்கும். எனக்கும் சொல்லுங்க.

ஸ்டீபன்ராஜ்


கிளியனூர்
30.9.2025

தம்பிக்கு,

வாட்ஸ்அப்ல வந்திருந்தா பாக்காமலே அழிச்சிருப்பேன். காயிதம்னதால கிழிக்க மனசு வரல. அதை நல்ல வார்த்தைன்னு எடுத்துக்காத.

நான் உன் மேல ஏன் கோவமா இருக்கேன்னு உனக்குத் தெரியும். தெரியாத மாதிரி கோழி, மல்லாட்டைன்னு எழுதற. நான் மேல்மலையனூர்ல அமாவாசைக்கு நின்னு, அந்தக் கூட்டத்துல மிதிபட்டு, அங்காளம்மன் சன்னதியில வாங்கின கறுப்புக் கயிறு அது. அவர் சிரிச்சிக்கினே கையை நீட்டினாரு, நான் கட்டினேன். அதை உங்கம்மா சவப்பெட்டிக்குள்ள வச்சே கத்திரிக்கோலால அறுத்தாங்க. நீ அவர் கையைத் தூக்கிப் பிடிச்சிக்கினு நின்ன. கழுத்துல உங்க உத்தரியத்தை, அந்த மாதா படம் தைச்ச துணித் துண்டை மாட்டினீங்க. சரி, உங்க வழக்கம், மாட்டுங்க. நான் கட்டினது இருந்தா மோட்ச வாசல்ல டோல் கேட்டுடுவாங்களா? அறுத்ததையாவது குடுங்கன்னு கேட்டேன். "அதெல்லாம் எங்க போச்சோ"ன்னு அத்தை சொன்னாங்க. அன்னிக்கே கிளம்பிட்டேன்.

அந்தப் பொட்டியை மூடி வை. செத்தவங்க விட்டதை நோண்டாத.

இளவரசி

மூடி வைக்க மாட்டன்னு எனக்குத் தெரியும். அதனால சொல்றேன், முள் சட்டை மாட்டியிருந்தா அதை மொதல்ல கழட்டு. அடிச்சவனுக்குத் திருப்பி வலிக்கும்னு ஒரு தைரியம் வந்துடும், நீ ஒதுங்க மாட்ட. பயந்தவன்தான் அந்த இடத்துல பிழைப்பான். தவளைத் தோலு கட்டாயம், பச்சைத் தண்ணியில கால் வைக்கணும். வவ்வால் காது போடு, இருட்டுல எது வருதுன்னு முன்னாடியே கேக்கும். மூணாவது இடத்துல கல் பாதம். மெதுவாத்தான் நடக்கும், உனக்கு அதுதான் நல்லது. நீயும் உங்கண்ணனும் அவசரத்துக்குப் பொறந்தவங்க.


விழுப்புரம்
8.10.2025

அண்ணி,

திட்டினாலும் பரவாயில்ல, பதில் போட்டீங்களே. டோல்கேட் ஷிஃப்டுக்குப் போறப்போ பாக்கெட்லயே வச்சிக்கினு இருந்தேன்.

நீங்க சொன்ன மூணையும் மாட்டினேன். பச்சைத் தண்ணியைத் தாண்டிட்டேன். கல் பாதம் போட்டு நடக்கறது வண்டி பஞ்சராகி தள்ளிக்கினு போற மாதிரி பேஜாரா இருக்கு, ஆனா ஒரு அடி கூட வாங்கல.

இப்ப நான் எழுதப் போறதைப் படிச்சிட்டு எனக்கு மண்டை கழண்டுச்சுன்னு நினைக்காதீங்க. நிழல் உப்புத் தளத்துல இல்ல. மேப்ல புள்ளி இடம் மாறியிருக்கு. மொத நாள் கடைசி அடுக்குல இருந்துச்சு, அப்புறம் அதுக்கு மேல உடைஞ்ச பாலத்துக்கிட்ட. நேத்து நான் பாதி வழியில ஒரு மேட்டுல நின்னுக்கினு இருந்தப்போ, கீழ ஒரு வெளிச்சம் ஆடிக்கினே ஏறி வந்துச்சு. அண்ணன் செத்தப்போ விளக்குப் பூச்சி மாட்டியிருந்துச்சு இல்ல, அந்த மஞ்சள் வெளிச்சம். வவ்வால் காதுல எல்லாத்தோட காலடியும் கேக்கும். அதோடது மட்டும் கேக்கல.

இன்டர்நெட்ல தேடினேன். நிழல் தானா நகராதாம். ஒரே ஒரு தாயத்து இருக்கு, "நூல்"னு. அதைக் கட்டினவங்க எங்க இருந்தாலும் நிழலே அவங்களைத் தேடி வருமாம். பையில பாத்தேன், அந்த இடம் காலியா இருக்கு. நீங்க ரெண்டு பேரும் அதை எடுத்தீங்களா? எங்கயாவது வச்சிருக்கீங்களா?

கயிறைப் பத்தி அம்மாகிட்ட திரும்பக் கேட்டேன். ஜெபமாலையை எடுத்துக்கினு உள்ள போயிட்டாங்க. ஆமா அண்ணி, கையைத் தூக்கிப் பிடிச்சது நான்தான். பாரமா இருந்துச்சு. அன்னிக்கு யார் என்ன சொல்லியிருந்தாலும் செஞ்சிருப்பேன்.

ஸ்டீபன்


கிளியனூர்
14.10.2025

தம்பி,

உன் காயிதம் வந்தப்போ கழனியில இருந்தேன். சேத்துக் கையோட படிச்சேன். அப்பா "யார்கிட்ட இருந்து?"ன்னாரு. மடியில சொருவிக்கினு வரப்புல ஏறிட்டேன்.

நூலை நாங்க எடுக்கவே இல்ல. அது பூட்டின ரூம்ல இருக்கு, அந்த ரூமுக்கு நாங்க போனதே கிடையாது. "அதை எடுத்துட்டா அப்புறம் நாம எதுக்கு கீழ இறங்கணும், அதுவே வந்துடுமே, கேம் சப்புனு போயிடும்டி"ன்னு அவர் சொல்லுவாரு. அதனால கேமுக்குள்ள யாரும் நூல் கட்டியிருக்க முடியாது.

அப்படின்னா வெளிய யாரோ கட்டியிருக்காங்க.

சிரிப்பு வருதா? எனக்கு வரல. அந்த வெளிச்சம் உன் பக்கமா வருதுன்னு நீதானே எழுதின? என்னைத் தேடி வரல பாரு. ஆறு மாசமா நான் கிளியனூர் பஸ் ஸ்டாப்ல போய் உக்காந்துட்டு வர்றேன், அவரு கூட்டிக்கினு போறேன்னு சொன்ன இடத்துல. ஒரு காத்து கூட வரல. உன்கிட்ட வர்றாரு. அப்ப என் கயிறு எங்க இருக்குன்னு எனக்குத் தெரிஞ்சிடுச்சு. உன் சட்டை, தலகாணி, பைக் சீட்டு எல்லாத்தையும் தேடு. உங்கம்மா கையால தைச்சது எது இருந்தாலும் பிரிச்சிப் பாரு.

விளையாடறதை நிறுத்தாத. மேல ஏறி மொத விளக்கு மேடைக்கு வந்துடு. கல் பாதத்தைக் கழட்டிட்டு விளக்குப் பூச்சி போடு. அவரு கிட்ட வந்தா முகம் தெரியணும்.

இளவரசி


விழுப்புரம்
18.10.2025

அண்ணி,

கிடைச்சிடுச்சு.

என் கழுத்துலயே இருந்துச்சு. நான் போட்டுக்கினு இருக்கற உத்தரியம், அந்தப் பழுப்புத் துணி, ஈஸ்டருக்கு முன்னாடி பழசு கிழிஞ்சிடுச்சுன்னு அம்மா புதுசு தைச்சிக் குடுத்தாங்க. ஒரு பக்கம் கொஞ்சம் தடிப்பா இருக்கும், ஏதோ மடிப்புன்னு விட்டுட்டேன். உங்க காயிதம் வந்ததும் பிளேடால பிரிச்சேன். கறுப்புக் கயிறு, அந்தச் சின்ன செம்புத் தகட்டோட, சுருட்டி உள்ள வச்சித் தைச்சிருந்தாங்க. இத்தினி நாளா உங்க சாமியும் எங்க சாமியும் ஒரே பைக்குள்ள என் நெஞ்சு மேல படுத்துக்கினு இருந்திருக்காங்க.

அம்மா பாத்துட்டாங்க. ஓன்னு அழுதாங்க. "அவனைத்தான் காப்பாத்தல. இருக்கற ஒண்ணையாவது காப்பாத்தட்டும்னு வச்சேன்டா. எந்த சாமி காப்பாத்தினா எனக்கென்ன"ன்னாங்க. தூக்கிப் போட மனசு வரலயாம், உங்ககிட்ட குடுக்கவும் மனசு வரலயாம். நான் தினம் அதே ரோட்லதானே விக்கிரவாண்டிக்குப் போறேன். திரும்பவும் வச்சித் தைச்சிக் குடுத்துட்டாங்க. நான் மாட்டிக்கினேன். வேற என்ன பண்றது? அவங்க முகத்தைப் பாத்தா முடியல.

இப்ப கேட்டுக்கோங்க. இதை அம்மாகிட்ட சொல்லல.

நிழல் மொத விளக்கு மேடை வரைக்கும் வந்துடுச்சு. என் ஆளு உக்காந்திருக்கான், அது கதவுக்கிட்ட நிக்குது. மத்த நிழலுங்க பாத்ததும் பாயும். இது பாயல. நான் எழுந்தா எழுந்திரிக்குது, உக்காந்தா உக்காருது. நீங்க சொன்ன மாதிரி விளக்குப் பூச்சி மாட்டினேன். வெளிச்சம் அது மேல விழுந்துச்சு, ஆனா முகம் தெரியல. வலது கை மட்டும் கொஞ்சம் தூக்கின மாதிரியே இருக்கு. நான் அன்னிக்குப் பிடிச்சிருந்தேனே, அந்த அளவுக்கு. டிவியை ஆஃப் பண்ணிட்டு வெளிய ஓடிட்டேன்.

அது கூடப் பரவாயில்ல. பைக். ரெண்டு நாளா பைக் பின்னால அழுந்துது. நான் ஒருத்தன்தான் போறேன், டயர்ல காத்தும் சரியா இருக்கு, ஆனா யாரோ உக்காந்திருக்கற மாதிரி ஷாக்கப்சர் இறங்குது. ஸ்பீட் பிரேக்கர்ல "டங்"னு இடிக்குது. டோல்கேட்ல கூட வேலை பாக்கற புகழேந்தி நேத்து, "யாருய்யா உன்னை தினமும் இறக்கி விடறது? வந்ததும் வண்டியைத் திருப்பாம உன் பின்னாலயே நின்னாரே"ன்னான். நான் என் பைக்லதான் வந்தேன்னு சொல்லல.

அண்ணன்தான் அண்ணி. எனக்குத் தெரியுது. ஆனாலும் பயமா இருக்கு. என் அண்ணனைப் பாத்து எனக்குப் பயமா இருக்குன்னு எழுதறதுக்கே வெக்கமா இருக்கு. அண்ணன் விழுந்த இடத்துக்கிட்ட போறப்போ அந்த பாரம் முன்னால சாயுது, பிரேக்குக்கு காலைத் தேடற மாதிரி. ஒரு நாள் நானும் விழுந்துடுவேன்.

கழட்டினா அம்மா செத்துடுவாங்க. கழட்டலன்னா எனக்கு என்ன ஆகும்னு தெரியல. இந்த ரூமுக்கு எதை மாட்டணும்? நீங்களே சொல்லுங்க. நீங்க சொல்றதைத்தான் அண்ணனும் கேக்கும்.

ஸ்டீபன்


கிளியனூர்
27.10.2025

தம்பி,

அழாத. காயிதத்துல தண்ணி பட்டு மை கலைஞ்சிருக்கு, மழைன்னு சொல்லாத.

அமாவாசைக்கு மேல்மலையனூர் போனேன். அம்மனைக் கும்பிடப் போகல, சண்டை போடப் போனேன். நெரிசல்ல தள்ளிக்கினே போய்ட்டாங்க, ஒரு வார்த்தை கேக்கறதுக்குள்ள வெளிய வந்துட்டேன். வெளிய வந்து ஒரு டீ குடிச்சிட்டு யோசிச்சேன். அத்தை மேல இருந்த கோவம் பாதி போயிடுச்சு. ஒரு பிள்ளையைப் புதைச்சிட்டு இன்னொண்ணை ரோட்டுக்கு அனுப்பறவங்க எதைத்தான் தைக்க மாட்டாங்க. மீதிப் பாதி இன்னும் இருக்கு.

நீ கேட்டதுக்குப் பதில். இந்த ரூமுக்கு ஒண்ணும் மாட்டாத. மூணு இடத்தையும் காலி பண்ணு. தவளைத் தோலு, காது, பூச்சி எல்லாத்தையும் கழட்டிட்டு வெறும் ஆளா அவர் முன்னால உக்காரு. அடிக்காத, தொடாத. வெளியவும் அதேதான். கயிறைப் பிரிச்சி எடு. உத்தரியம் இருக்கட்டும், அது உன்னோடது. கயிறு உன்னோடது இல்ல. அவர் வர்றது உன் மேல இருக்கற பாசத்துல இல்லடா, அதைத் தேடிக்கினுதான்.

கல்லறைத் திருநாளுக்கு நான் வர்றேன். அப்பாவுக்கு சொல்லிட்டேன், கத்தினாரு, கத்தட்டும். கயிறைக் கொண்டுக்கினு கல்லறைக்கு வா. அத்தையையும் கூட்டிக்கினு வா, அவங்க கண்ணு முன்னாடியே அவர் மண்ணுல வச்சிடறேன். அவரோடது அவர்கிட்ட போயிடும். அதுக்கப்புறம் உன் வண்டியில ஏற மாட்டாரு.

அது வரைக்கும் பஸ்ல போ.

இளவரசி


விழுப்புரம்
7.11.2025

சேசுவுக்குப் புகழ்.

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்க வந்துட்டுப் போனதுல இருந்து அம்மா ஒழுங்கா சாப்பிடறாங்க. கல்லறையில நீங்க மெழுகுவத்தி வச்சிட்டு, முட்டி போட்டு கையாலயே மண்ணைத் தோண்டினப்போ அம்மா உங்க தோளைப் பிடிச்சாங்களே, தள்ளத்தான் போறாங்கன்னு நினைச்சிட்டேன். அவங்களும் உக்காந்து மண்ணைத் தள்ளி மூடினாங்க. ரெண்டு பேரும் பேசிக்கல. ஆனா திரும்பி வர்றப்போ அவங்க குடையை உங்க பக்கமா பிடிச்சிக்கினு வந்தாங்க, அவங்க நனைஞ்சிக்கினு. "அவளை வரச் சொல்லுடா, அவ சாமி போட்டோவை வேணும்னா அந்த ரூம்ல மாட்டிக்கட்டும்"னு நேத்து சொன்னாங்க.

பைக் லேசாயிடுச்சு. ஸ்பீட் பிரேக்கர்ல இடிக்கல. புகழேந்தியும் ஒண்ணும் கேக்கல.

கேமைப் போட்டுப் பாத்தேன். நீங்க சொன்ன மாதிரி மூணு இடமும் காலி. கதவுக்கிட்ட யாரும் இல்ல. மேப்ல புள்ளியைக் காணோம். நான் சாகவும் இல்ல, அதைத் தொடவும் இல்ல. சத்தியமா. சந்தேகத்துல தவளைத் தோலை மட்டும் மாட்டிக்கினு உப்புத் தளம் வரைக்கும் இறங்கினேன். நிழல் எங்கயும் இல்ல. அமைதியா போயிடுச்சுன்னு நினைக்கறேன். அதுக்குத்தானே செஞ்சோம்? ஆனா அந்தக் காலி இடத்துல நின்னு நல்லா அழுதேன் அண்ணி. பயந்தேன்தான், ஆனா போனப்புறம்தான் தெரியுது, பின்னால யாரோ உக்காந்திருந்தது எவ்ளோ தெம்பா இருந்துச்சுன்னு.

நம்பரை எடுத்து விடுங்க. ஜல்தி.

உங்கள் ஸ்டீபன்


கிளியனூர்
12.11.2025

தம்பிக்கு,

நம்பரை எடுத்து விட்டுட்டேன். ஆனா இதை போன்ல சொல்ல முடியாது. நீ நடுவுல பேசுவ, நான் நிறுத்திடுவேன்.

நீ நல்லா இரு. பைக்கை மெதுவா ஓட்டு. கல் பாதம் போட்டிருக்கேன்னு நினைச்சிக்கினு ஓட்டு. அத்தைக்குத் தைக்கணும்னு கை அரிச்சா பொத்தான் தைக்கச் சொல்லு. தை மாசம் வர்றேன், எனக்காக கேப்பைக் களி கிண்டி வைக்கச் சொல்லு, வாய்க்கு ருசியா எதையாவது தின்னு ரொம்ப நாளாச்சு.

இன்னொரு தரம் கல்லறைக்குப் போய் மண்ணைத் தோண்டாத. தோண்டினா ஒண்ணும் இருக்காது. நான் குழியில வச்சது வெறும் கைதான். கயிறு என் முந்தானை முடிச்சுல இருந்துச்சு.

உன்னை ஏமாத்தணும்னு வரல. பஸ்ல வர்றப்போ கூட புதைக்கணும்னுதான் வந்தேன். குழி தோண்டினப்புறம் தோணுச்சு, இதைப் போட்டு மூடிட்டா அப்புறம் அவரு யார்கிட்ட போவாருன்னு. உப்புத் தளத்துல தனியா நிக்கணுமா? எந்த ரூமுக்கு எதை மாட்டணும்னு நான்தானே சொல்லுவேன். இந்த ஒரு ரூமுக்கு எனக்கே மாட்டிக்கினேன். அன்னிக்கே, திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுல இறங்கி, ஒரு பூக்காரம்மாவை முடிச்சுப் போடச் சொல்லி, வலது கையில.

நீ உப்புத் தளம் வரைக்கும் இறங்கிப் பாத்தப்போ அவரு அங்க இல்லாதது அதனாலதான்.

நேத்து சாயந்திரம் பஸ் ஸ்டாப்புக்குப் போனேன். மழை விட்டு ரோடு பளபளன்னு இருந்துச்சு. பாண்டிச்சேரி பஸ் வந்து எல்லாரும் ஏறிட்டாங்க, நான் ஏறல. கொஞ்ச நேரம் கழிச்சி திண்டிவனம் பக்கமா இருந்து ஒரு வெளிச்சம் வந்துச்சு. மஞ்சள் வெளிச்சம், ஒத்தை, ஆடிக்கினே. வண்டிச் சத்தம் இல்ல. எனக்கு நேரா வந்து நின்னுச்சு. பயமா இருந்துச்சு தம்பி, பொய் சொல்ல மாட்டேன். "ஏழு மாசமாவா ஆகும்?"னு கேட்டேன்.

நான் கொஞ்சம் தள்ளி உக்காந்து இடம் விட்டேன். பெஞ்சு அழுந்துச்சு.

இளவரசி